அமெரிக்க அரசுத்தலைவர் தேர்தல்: கணிப்புகள் தவறுவது ஏன்?



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசுத்தலைவர் தேர்தல் நடந்து முடிந்ததும், பங்கு மக்களில் சிலர் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "சாமி, அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றுப்போனாராமே, அது எப்படி?" என்பது. மற்றொன்று, "இத்தனை கம்ப்யூட்டர் வைத்திருக்கிற நாட்டில் கருத்துக் கணிப்பு ஏன் இப்படித் தப்பாகப் போகிறது?" என்பது. இரண்டும் நல்ல கேள்விகள். இவ்விரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு உண்டு என்பதால் சேர்த்தே சிந்திப்போம்.

எங்கோ நடக்கும் தேர்தல் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் நம் பங்குகளில் பலர் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் எச்-1பி விசாவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வெளியானபோது, அந்த வீடுகளில் எத்தனை தொலைபேசி அழைப்புகள் பறந்தன என்பதை அவர்களே அறிவார்கள். அதே ஆண்டில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவிகள் முதலில் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் பெரும்பகுதி வெட்டப்பட்டன. அமெரிக்க ஆயர்களின் சார்பில் இயங்கும் கத்தோலிக்க நிவாரணச் சேவை அமைப்பு தன் பணிகளையும் பணியாளர்களையும் குறைக்க வேண்டியதாயிற்று. சி.ஆர்.எஸ். என்ற பெயரில் முதியவர்கள் கோதுமையோடும் பால் பவுடரோடும், கடற்கரை ஊரார் சுனாமி நிவாரணத்தோடும் நினைவில் வைத்திருக்கும் அதே அமைப்புதான். ஆகவே அந்தத் தேர்தலை விளங்கிக்கொள்வது வீண் வேலையல்ல.

முதலில் தேர்தல் நடைபெறும் முறை. அமெரிக்காவில் நடப்பது ஒரே தேர்தல் அல்ல. 50 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தனித்தனியாக நடக்கும் 51 தேர்தல்கள் அவை. நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாயன்று மக்கள் வாக்களிக்கிறார்கள். இந்த நாள் 1845 ஆம் ஆண்டின் சட்டத்தால் குறிக்கப்பட்டது. வாக்குச் சீட்டில் அரசுத்தலைவர் வேட்பாளரின் பெயர் இருந்தாலும், சட்டப்படி மக்கள் தேர்ந்தெடுப்பது தங்கள் மாநிலத்தின் 'தேர்வாளர்களை'. மொத்தம் 538 தேர்வாளர்கள். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள், செனட் அவையின் 100 இடங்கள், வாஷிங்டன் நகருக்கு 3 என்பது கணக்கு. 270 பேரைப் பெறுபவர் வெல்கிறார். டிசம்பரில் தேர்வாளர்கள் அந்தந்த மாநிலத்தில் கூடி வாக்களிக்க, ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த வாக்குகளை எண்ணி அறிவிக்க, ஜனவரி 20 அன்று பதவியேற்பு. யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை தீர்மானிக்கும். அப்போது பெரிய மாநிலத்துக்கும் ஒரு வாக்கு, சிறிய மாநிலத்துக்கும் ஒரு வாக்கு. 1824 இல் அப்படித்தான் நடந்தது. முன்னணியில் இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் தோற்று, ஜான் குவின்சி ஆடம்ஸ் பதவிக்கு வந்தார்.

இதில் முடிச்சு எங்கே இருக்கிறது? மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர மற்ற 48 மாநிலங்களிலும் தலைநகரிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுகிறார்கள். 2020 தேர்தலில் டொனால்ட் டிரம்ப் மிக அதிகமான வாக்குகளைப் பெற்ற மாநிலம் எது தெரியுமா? அவருடைய கோட்டை என்று கருதப்படும் டெக்சாஸ் அல்ல. அவர் படுதோல்வி அடைந்த கலிஃபோர்னியா! அங்கே 60 இலட்சம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அந்த 60 இலட்சம் வாக்குகளால் அவருக்குக் கிடைத்த தேர்வாளர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

மாநிலங்களுக்கு இடையிலும் சமமில்லை. சிறிய மாநிலமானாலும் செனட்டில் இரண்டு இடம் உண்டு என்பதால், ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங் மாநிலத்துக்கு 3 தேர்வாளர்கள். ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கு 54 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு வயோமிங் வாக்காளரின் எடை கலிஃபோர்னியாக்காரரின் எடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு.

1787 இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த முறையை ஏன் வைத்தார்கள் என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சிறிய மாநிலங்களின் அச்சம், பரந்த நாட்டில் வேட்பாளர்களை மக்கள் அறியமாட்டார்கள் என்ற எண்ணம் ஆகியவை பள்ளிப் பாடநூல்களில் இருக்கும். அடிமை முறையும் ஒரு காரணம் என்பதை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு வாக்கு இல்லை. ஆனால் பிரதிநிதிகள் சபை இடங்களைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகள் மூன்று பேராக எண்ணப்பட்டார்கள். நேரடித் தேர்தல் என்றால் தெற்குக்கு இழப்பு, தேர்வாளர் முறை என்றால் ஆதாயம். ஜேம்ஸ் மேடிசனே அந்த மாநாட்டில் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். 1969 இல் இந்த முறையை ஒழித்து நேரடித் தேர்தல் கொண்டுவரும் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338க்கு 70 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு செனட்டில் அது முடக்கப்பட்டது. அப்போதே அதை நிறைவேற்றியிருக்கலாம் என்பது நமது கருத்து.

மக்கள் வாக்கில் பின்தங்கியவர் அரசுத்தலைவரான நிகழ்வு 1824, 1876, 1888, 2000, 2016 என ஐந்து முறை நடந்திருக்கிறது. இவற்றில் 2000 ஆம் ஆண்டை நடுத்தர வயதினர் நினைவில் வைத்திருப்பார்கள். நாடு முழுவதும் அல் கோர் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் எல்லாம் ஃபுளோரிடாவில் வந்து நின்றது. தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்த மாநிலத்தை முதலில் கோருக்குக் கொடுத்தன; பிறகு திரும்பப் பெற்றன; நள்ளிரவுக்குப் பின் புஷ்ஷுக்குக் கொடுத்தன; அதையும் திரும்பப் பெற்றன. ஐந்து வாரங்கள் இழுத்து, டிசம்பர் 12 இல் உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியபோது, ஏறக்குறைய 60 இலட்சம் வாக்குகளில் புஷ் 537 வாக்குகள் முன்னணியில் இருந்தார். நம்முடைய சிறிய பங்கு ஒன்றில் ஞாயிறு முதல் திருப்பலிக்கு வருவோரின் எண்ணிக்கை அது. 2001 ஜனவரி 6 அன்று, துணை அரசுத்தலைவர் என்ற முறையில் காங்கிரஸ் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தன்னை வென்றவரின் வெற்றியை அறிவித்தவர் அல் கோரேதான். அதே ஜனவரி 6 இருபது ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இனி கருத்துக் கணிப்புக்கு வருவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. கருத்துக் கணிப்பின் அடிப்படையும் இதுவே. ஆயிரம் பேரைச் சரியாகப் பொறுக்கி எடுத்தால், பதினைந்து கோடி வாக்காளர்களின் மனத்தை ஏறத்தாழ மூன்று விழுக்காடு கூடக்குறைய அறிந்துவிடலாம். இது கணிதம்; இதில் தவறில்லை. ஆனால் சமைத்துப் பழகிய தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்: சோற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் இருக்கும் பானையில் மேல் பருக்கையை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்துப் பயனில்லை.

1936 இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற புகழ்பெற்ற அமெரிக்க வார இதழுக்கு நேர்ந்தது இதுதான். ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அட்டை அனுப்பினார்கள். 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் பதில் எழுதினார்கள். எவ்வளவு பெரிய எண்ணிக்கை! குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் எளிதாக வெல்வார் என்று இதழ் அறிவித்தது. நடந்தது என்ன? ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐக் கைப்பற்றினார். அட்டை அனுப்பப்பட்ட முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? வேலையிழந்து கஞ்சித் தொட்டியின் வரிசையில் நின்றவர்களுக்கு அட்டை போகவில்லை. அட்டை போனவர்களிலும் முக்கால்வாசிப்பேர் பதில் எழுதவில்லை. எழுதியவர்களில் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே அதிகம். அந்த இதழ் 1938 இல் மூடப்பட்டது. மிகக் குறைந்த பேரைக் கேட்டு ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்ன ஜார்ஜ் காலப் என்பவரின் பெயர் உலகெங்கும் பரவியது.

ஆனால் 1948 இல் அதே காலப்பும் தவறினார். தாமஸ் டூயி வெல்வார் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு கணிப்பு நிறுவனம் செப்டம்பரிலேயே கேட்பதை நிறுத்திவிட்டது, முடிவு தெரிந்துவிட்டதே என்று. சிக்காகோ நாளிதழ் ஒன்று, டூயி வென்றதாகத் தலைப்புச் செய்தியே அச்சிட்டது. வென்ற ஹாரி ட்ரூமன் அந்த நாளிதழை இரு கைகளிலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் புகைப்படத்தை வாசகர்கள் பார்த்திருக்கலாம். மக்கள் கடைசி வாரங்களில் மனம் மாறுவார்கள் என்பதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது 2016. இதை விளங்கிக்கொள்ள நாடு முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. கத்தோலிக்கர் கணிசமாக வாழும் விஸ்கான்சின் மாநிலத்தை மட்டும் பார்ப்போம். ஜெர்மானிய, போலந்துக் குடியேறிகளின் வழிவந்தவர்கள், பால் பண்ணைக்காரர்கள், மில்வாக்கி நகரத்துத் தொழிலாளர்கள் ஆகியோரைக் கொண்ட மாநிலம் அது. தேர்வாளர்கள் 10 பேர். 1984 க்குப் பின் அங்கே குடியரசுக் கட்சி அரசுத்தலைவர் தேர்தலில் வென்றதேயில்லை. மில்வாக்கியில் இயேசு சபையினரின் மார்க்கெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் சட்டக் கல்லூரி நடத்தும் கருத்துக் கணிப்பு அம்மாநிலத்தில் மிகவும் மதிக்கப்படுவது. 2016 தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு அது வெளியிட்ட கடைசிக் கணிப்பில் ஹிலரி கிளின்டன் 46, டிரம்ப் 40. ஆறு புள்ளி முன்னிலை.

கிளின்டன் அணியினரும் அப்படித்தான் நம்பினார்கள். கட்சியின் வேட்பாளர் ஆனபின் பிரச்சாரத்துக்காக அவர் ஒருமுறைகூட விஸ்கான்சினுக்கு வரவில்லை. முடிவில் டிரம்ப் 22,748 வாக்குகளால் அங்கே வென்றார். மிச்சிகனில் 10,704, பென்சில்வேனியாவில் 44,292. மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய 78 ஆயிரம். கிளின்டன் நாடு முழுவதும் 29 இலட்சம் வாக்குகள் அதிகம் பெற்றிருந்தும், இந்த 78 ஆயிரம் அவரைத் தோற்கடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாடு தழுவிய கணிப்புகள் கிளின்டனுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி முன்னிலை கொடுத்தன; உண்மையில் அவருக்கு இரண்டு புள்ளி முன்னிலை கிடைத்தது. அது நல்ல கணிப்பு! தவறியவை மாநிலக் கணிப்புகள். பின்னர் அமெரிக்கக் கருத்தாய்வாளர்களின் சங்கம் ஆராய்ந்து இரண்டு முக்கியக் காரணங்களைக் கண்டது. கடைசி நாட்களில் முடிவெடுத்தவர்கள் இந்த மாநிலங்களில் பெருவாரியாக டிரம்ப் பக்கம் சாய்ந்தார்கள். அடுத்தது, கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் ஆர்வம் காட்டுபவர்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் அவ்வளவாகப் பதில் சொல்வதில்லை. அந்த ஏற்றத்தாழ்வைப் பல மாநிலக் கணிப்புகள் சரிசெய்யவில்லை. முன்பெல்லாம் இது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. படித்தவர் ஒரு பக்கம், படிக்காதவர் மறுபக்கம் என்று வெள்ளையினத்தவர் பிரிந்து நின்ற 2016 இல் அது கணக்கையே கவிழ்த்தது. வெட்கப்பட்டுக்கொண்டு டிரம்ப் ஆதரவை மறைத்தார்கள் என்று பலர் சொன்னதற்கு அந்த ஆய்வில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை.

வாய்ப்புக் கணக்குப் போட்டவர்கள் செய்த பிழை வேறு. கிளின்டன் வெல்ல 98 விழுக்காடு வாய்ப்பு என்று ஒரு செய்தித்தளம் எழுதியது. இன்னொருவர் 99 க்கும் மேல் என்றார். விஸ்கான்சின் தவறினாலும் மிச்சிகன் காப்பாற்றும், அதுவும் தவறினால் பென்சில்வேனியா காப்பாற்றும் என்பது அவர்களின் கணக்கு. ஆனால் அம்மூன்றும் ஒரே ஏரியில் பாயும் மூன்று வயல்கள் அல்லவா? ஏரி வற்றினால் மூன்றும் சேர்ந்தே காயும். இதைக் கணக்கில் எடுத்த நேட் சில்வர் என்பவரின் 'ஃபைவ்தர்ட்டிஎயிட்' தளம் டிரம்ப்புக்கு 29 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகச் சொன்னது. அதையும் மக்கள் "டிரம்ப் தோற்பார்" என்றே வாசித்தார்கள். மழைக்கு முப்பது விழுக்காடு வாய்ப்பு என்று வானிலை நிலையம் சொன்னால், தேர்பவனிக்கு வைத்திருக்கும் சுரூபத்தை மூட நாம் பிளாஸ்டிக் தாள் எடுத்துவைக்காமலா இருக்கிறோம்?

2020 இல் படிப்புக் கணக்கைச் சரிசெய்துகொண்டார்கள். அப்படியும் பிழை கூடியது. நாற்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு என்று அதே சங்கம் சொன்னது. ஜோ பைடனுக்கு நாடு முழுவதும் எட்டுப் புள்ளி முன்னிலை என்றார்கள், கிடைத்தது நாலரை. மார்க்கெட் பல்கலைக்கழகம் விஸ்கான்சினில் பைடனுக்கு ஐந்து புள்ளி கொடுத்தது. அவர் அங்கே வென்றது 20,682 வாக்குகளால், ஒரு புள்ளிகூட இல்லை. எழுபது இலட்சம் வாக்குகள் அதிகம் பெற்ற பைடனும், விஸ்கான்சின், ஜார்ஜியா, அரிசோனா ஆகிய மூன்றில் சேர்த்து ஏறக்குறைய 43 ஆயிரம் வாக்குகளில்தான் தப்பினார்.

இம்முறை என்ன காரணம்? யார் பதில் சொல்கிறார்கள் என்பதே. பியூ ஆய்வு மையம் 1997 இல் நூறு வீடுகளுக்குத் தொலைபேசி செய்தால் 36 வீடுகளில் பதில் கிடைத்தது. 2012 இல் 9. 2018 இல் 6. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு வீடுகளின் குரல் கேட்கவே இல்லை. அந்த ஆறும் மீதமுள்ளவர்களைப் போலவே இருந்தால் கவலையில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டதும் நின்று பதில் சொல்பவர் எப்படிப்பட்டவர்? நிறுவனங்கள் மீதும் பத்திரிகைகள் மீதும் ஓரளவு நம்பிக்கை உள்ளவர். அந்த நம்பிக்கையை இழந்தவர்கள் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். அவர்களிலேயே பெரும்பகுதியினர் டிரம்ப்புக்கு வாக்களித்தார்கள் என்றால், எந்தக் கணிதத்தாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. வயது, இனம், படிப்பு ஆகியவற்றை எடைபோடலாம். அவநம்பிக்கையை எப்படி எடைபோடுவது?

பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2012 இல் பராக் ஒபாமாவின் ஆதரவைக் கணிப்புகள் குறைத்தே மதிப்பிட்டன. காலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்பில் மிட் ராம்னிதான் ஒரு புள்ளி முன்னணியில் இருந்தார்.

கணிப்புத் தவறினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். எட்டுப் புள்ளியில் தோற்பார் என்று சொல்லப்பட்டவர் நூலிழையில் தோற்கும்போது, அவருடைய ஆதரவாளர்களுக்கு எழும் முதல் எண்ணம் "கணிப்பிலும் பொய் சொன்னார்கள், எண்ணிக்கையிலும் பொய் சொல்கிறார்கள்" என்பதே. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. முடிவை மாற்றக்கூடிய முறைகேடு எதையும் எந்த நீதிமன்றமும் காணவில்லை. ஆயினும் 2021 ஜனவரி 6 அன்று, தேர்வாளர் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்த காங்கிரஸ் கட்டடத்துக்குள் கூட்டம் கதவுகளை உடைத்து நுழைந்தது. தோற்ற தலைவர் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்ததே இதன் முதற்காரணம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பொய்யை நம்ப ஆயத்தமாக இருந்த மனங்களை உருவாக்கியதில், உறுதியாகச் சொல்ல முடியாததை உறுதியாகச் சொன்னவர்களுக்கும் பங்கு உண்டு.

2024 தேர்தலுக்கு வருவோம். ஜூலை 21 இல் பைடன் விலக, கமலா ஹாரிஸ் வேட்பாளரானார். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் அவருக்காக வழிபாடு நடந்ததை நாளிதழ்களில் படித்தோம். தேர்தலுக்கு மூன்று நாள் முன்னதாக, அயோவா மாநிலத்தில் பல ஆண்டுகளாகத் துல்லியத்துக்குப் பெயர்பெற்ற ஆன் செல்சர், ஹாரிஸ் அங்கே மூன்று புள்ளி முன்னிலையில் இருப்பதாக வெளியிட்டார். உலகமே பரபரத்தது. டிரம்ப் அங்கே பதின்மூன்று புள்ளியில் வென்றார். ஆனால் இந்த ஒரு கணிப்பை வைத்து எல்லாரையும் பழிக்கக்கூடாது. மற்றவர்கள் ஏழு இழுபறி மாநிலங்களிலும் போட்டி மிக நெருக்கம் என்றே சொன்னார்கள். மார்க்கெட் பல்கலைக்கழகம் விஸ்கான்சினில் ஹாரிசுக்கு 50, டிரம்ப்புக்கு 49 என்றது. டிரம்ப் 29,397 வாக்குகளில் வென்றார், ஒரு புள்ளிக்கும் குறைவு. நெருக்கமான போட்டி என்றால் ஆளுக்குப் பாதி மாநிலம் கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஏழும் ஒரே பக்கம் சரிந்தன. ஏரியும் வயல்களும் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும். தேர்வாளர்கள் 312க்கு 226. மக்கள் வாக்கில் வேறுபாடு ஒன்றரை விழுக்காடுதான்.

கத்தோலிக்கர் எப்படி வாக்களித்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. 1928 இல் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர் என்பதற்காகவே பலரால் எதிர்க்கப்பட்டுத் தோற்றார். 1960 இல் ஜான் கென்னடி வென்றபோது கத்தோலிக்கரின் பெரும்பான்மை அவர் பின்னால் நின்றது. இன்று அப்படி ஒரே கத்தோலிக்க வாக்கு என்பது கிடையாது. அமெரிக்காவின் இரண்டாவது கத்தோலிக்க அரசுத்தலைவரான பைடனுக்கே 2020 இல் ஏறத்தாழ பாதிக் கத்தோலிக்கர்தான் வாக்களித்தார்கள். 2024 இல் பெரும்பான்மையினர் டிரம்ப் பக்கம். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், குடியேறிகளை விரட்டுவதும் கருக்கலைப்பை ஆதரிப்பதும் இரண்டுமே வாழ்வுக்கு எதிரானவை என்றும், குறைந்த தீமை எது என்பதை அவரவர் மனச்சான்று தீர்மானிக்கட்டும் என்றும் கூறினார். இரு கட்சியினருமே அதில் தங்களுக்குச் சாதகமான பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

கணிப்பாளர்களைவிட நம்மை அதிகம் வியப்பில் ஆழ்த்தியது டெக்சாசின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஸ்டார் கவுண்டி. கவுண்டி என்பதை நம் ஊர் வட்டம்போல எடுத்துக்கொள்ளலாம். மக்களில் ஏறத்தாழ எல்லாருமே மெக்சிக்கோ வழிவந்தவர்கள். பெரும்பாலும் நம் கத்தோலிக்க மக்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வந்த இடம். 2016 இல் கிளின்டன் அங்கே அறுபது புள்ளியில் வென்றார். 2020 இல் பைடன் ஐந்து புள்ளியில். 2024 இல் டிரம்ப் வென்றுவிட்டார். குடியேறிகளை வெளியேற்றுவேன் என்று சொன்னவருக்குக் குடியேறிகளின் பிள்ளைகள் வாக்களித்தார்களா என்று தொலைக்காட்சியில் வியந்தவர்கள், 2020 இன் அந்த ஐந்து புள்ளியைப் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். விலைவாசி, எண்ணெய்க் கிணற்று வேலை, எல்லைக் காவல் பணியில் இருக்கும் உறவினர் எனப் பல கவலைகள் அந்த வீடுகளில் இருந்தன. 'இலத்தீன் இனத்தவர்' என்ற ஒரே பெட்டியில் அடைத்து நியூயார்க்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு அவை தெரியவில்லை. பதவிக்கு வந்தபின் நடந்த வெளியேற்ற நடவடிக்கைகளை அமெரிக்க ஆயர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள் என்பதும் உண்மை. அந்த மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்பதற்கு அது விடையாகாது.

அடுத்த அரசுத்தலைவர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய். அதைத் தொலைக்காட்சியில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. அங்கே நம் நாட்டில் இருப்பதுபோல் எல்லா மாநிலத்துக்கும் பொதுவாகத் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் இல்லை. மாநிலங்களும் கவுண்டிகளும் நடத்துகின்றன, எண்ணும் முறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃபுளோரிடாவில் தபால் வாக்குகளை முன்கூட்டியே பிரித்து ஆயத்தம் செய்ய அனுமதி உண்டு. ஆகவே முடிவு விரைவில் வரும். விஸ்கான்சினிலும் பென்சில்வேனியாவிலும் 2024 வரை இருந்த சட்டப்படி, தேர்தல் நாள் காலைக்கு முன் ஓர் உறையைக்கூடத் திறக்கக்கூடாது. விஸ்கான்சினில் வாக்குப்பதிவு முடிவது நம் நேரப்படி புதன் காலை ஏழரை மணி. கிராமப்புற முடிவுகள் முதலில் வரும்; குடியரசுக் கட்சி முன்னிலையில் தெரியும். மில்வாக்கியின் தபால் வாக்குகளை ஒரே இடத்தில் குவித்து எண்ணுவதால், அவை அந்த ஊரில் நள்ளிரவு தாண்டியே வரும். பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் வாக்குகள். 2020 இல் சந்தேகம் கிளப்பப்பட்டது இந்த நேரத்து ஏற்றத்தைக் காட்டித்தான். காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பித் தொலைக்காட்சியைத் திறப்பவர்கள், நண்பகல் வரையாவது பொறுத்திருக்க வேண்டும். அதுவரை அந்தக் கூடத்தில் உறைகளைத் திறந்துகொண்டுதான் இருப்பார்கள்.